பிள்ளை பார்க்க வருபவரைப் பற்றி யாரிடம், எப்படி விசாரிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியிலிருந்து இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு, குழந்தையைப் பிறர் பொறுப்பில் விடுவது பற்றியவை. ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் பயன்படும் என்பதால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஓராண்டு மகப்பேறு விடுப்பு முடிந்து அடுத்த மாதம் பணிக்குத் திரும்ப வேண்டும். மகனுக்குப் பதினொரு மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மாமியார் உடனிருந்தாலும் மூட்டுவலியால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க அவரால் இயலாது. தங்கச்சிமடத்திலிருந்து நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவரைப் பக்கத்து வீட்டு அக்கா அழைத்து வந்தார். முன்பு இராமநாதபுரத்தில் ஒரு வீட்டிலும் கீழக்கரையில் ஒரு வீட்டிலும் தங்கியிருந்து பிள்ளை பார்த்ததாகச் சொல்லி, அவ்வீடுகளின் கைப்பேசி எண்களையும் கொடுத்திருக்கிறார். "நல்ல மனுஷி, நான் பொறுப்பு" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஆதார் நகல் வாங்கிக்கொண்டு வீட்டில் ஒரு கேமரா வைத்தால் போதும் என்பது என் கணவரின் கருத்து. அந்த இரண்டு வீடுகளுக்கும் பேசலாம் என்றால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கிறது. சந்தேகப்படுகிறோம் என்று வருகிறவர் மனம் நோகுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.
— வாசகி, உச்சிப்புளி

பதில்: கூச்சப்பட வேண்டிய காரியம் இதில் எதுவும் இல்லை. பிள்ளை பார்க்கும் வேலையில் பழக்கமுள்ளவர்கள் இந்த விசாரிப்பை எதிர்பார்த்தே வருகிறார்கள். "அக்கா, நீங்கள் கொடுத்த இரண்டு வீட்டுக்கும் பேசப் போகிறேன், முடிந்தால் நேரிலும் போவேன்" என்று அவரிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மறைவாக விசாரித்து, அது நாலு பேர் வாய்க்குப் போய், பிறகு அவர் காதுக்கு வந்து சேர்ந்தால்தான் மனம் நோகும். சொன்னதும் அவர் முகம் மாறினாலோ, "அந்த வீட்டுக்காரங்க இப்ப ஊர்ல இல்ல" என்று ஓர் எண்ணை மட்டும் வேண்டாம் என்றாலோ, உடனே தவறாக முடிவு கட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். காரணம் நியாயமாகவும் இருக்கலாம். நான்காவது கடிதத்தைப் படித்தால் அது உங்களுக்கு விளங்கும்.

பக்கத்து வீட்டு அக்காவின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை அடுத்துப் பார்ப்போம். நம் பக்கத்தில் ஒருவரைப் பற்றி விசாரித்தேன் என்று சொன்னால், எந்தத் தெரு, யார் மகள், யாருக்கு வாழ்க்கைப்பட்டவர், வாயாடியா அடக்கமானவரா என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகவே பெரும்பாலும் பொருள். இவை சம்பந்தம் பேசப் போகும்போது கேட்கிற கேள்விகள். பதினொரு மாதப் பிள்ளை சோற்றைத் துப்பிவிட்டு அரைமணி நேரம் விடாமல் கத்தும்போது அவர் என்ன செய்வார் என்பதற்கு இவற்றுள் எதிலும் விடை கிடையாது. "நம்ம ஆளுங்கதான்" என்று சாதியையோ மதத்தையோ வைத்து நிம்மதி அடைகிறவர்களும் உண்டு. அந்த நிம்மதிக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "உங்கள் பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ இவரிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே போயிருக்கிறீர்களா?" போயிருக்கிறார் என்றால் அவர் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள். இல்லையென்றால் அது அவருடைய நல்லெண்ணம்; நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இனி அந்த இரண்டு வீடுகள். பேசத் தொடங்கியதும், "உங்கள் வீட்டில் இரண்டு வருடம் இருந்தாராமே?" என்று விடையை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எந்த ஆண்டு வந்தார், அப்போது பிள்ளைக்கு என்ன வயது, தங்கியிருந்தாரா போய்வந்தாரா, எதனால் நின்றார் என்று அவர்களையே சொல்லவிட்டு, அந்த அம்மா உங்களிடம் சொன்னதோடு ஒப்பிடுங்கள். தன் உறவினரின் எண்ணையே பழைய முதலாளியின் எண் என்று கொடுப்பதும் நடக்கிற காரியம்தான். அப்படிப் பேசுகிறவர் இத்தகைய சிறு விவரங்களில் தடுமாறிவிடுவார். மாதக் கணக்கில் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், யாருக்கும் அது மறக்கும். பிள்ளையின் வயது மாறினால் மட்டும் கவனியுங்கள். ஆறு வயதுப் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றி இறக்கி, மாலையில் பால் ஆற்றிக் கொடுத்த அனுபவம் வேறு. எழுந்து நிற்கப் பழகுகிற, கையில் கிடைத்ததை வாயில் போடுகிற பிள்ளையை நாள் முழுவதும் கண்காணித்த அனுபவம் வேறு. முன்னதை மட்டும் செய்தவர் பொய் சொன்னவர் ஆகிவிட மாட்டார், ஆனால் உங்களிடம் அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எவரிடம் கேட்டாலும் குறை சொல்ல மாட்டார்கள். "ஒருத்தி பிழைப்பில் மண்ணை அள்ளிப் போடுவானேன்" என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் அதனாலேயே "நல்லவங்கதான், தாராளமா வெச்சுக்கோங்க" என்ற பதிலை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆகவே எப்படிப்பட்டவர் என்று கேட்காமல், என்ன நடந்தது என்று கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் எத்தனை மணிக்கு உங்களுக்குத் தகவல் சொன்னார்? பிள்ளை பிடிவாதம் பிடித்தால் எப்படிச் சமாளித்தார், நீங்கள் பார்த்த ஒரு நாளைச் சொல்லுங்கள். வர முடியாத நாட்களில் முதல்நாளே சொன்னாரா, காலையில்தான் தெரிந்ததா? இப்படிக் கேட்டால், எதிரில் இருப்பவர் யாரையும் குறை கூறாமலேயே உண்மையைச் சொல்ல முடியும். பேச்சை இழுத்து நிறுத்துகிறவர்களும் உண்டு, "பாசமாத்தான் பாத்துக்கிட்டாங்க..." என்று சொல்லி நிறுத்தினால், நீங்கள் அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்று நேரம் பேசாமல் இருங்கள். சொல்ல வந்தது அதற்குப் பிறகுதான் வரும்.

எல்லாக் கேள்விகளுக்குள்ளும் ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: "பிள்ளை கீழே விழுந்து அடிபட்டது உண்டா? அதை அவராகச் சொன்னாரா, நீங்களாகக் கண்டுபிடித்தீர்களா?" பதினொரு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை எந்தப் பிள்ளையும் விழாமல் வளர்வதில்லை, பெற்ற தாய் பக்கத்தில் இருக்கும்போதே விழும். "ஒருநாள் திண்ணையில் இருந்து விழுந்துவிட்டான், நெற்றி வீங்கிவிட்டது, நான் ஆபீஸில் இருந்தேன், உடனே போன் பண்ணிவிட்டார்" என்று ஒரு தாய் சொன்னால், அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பெண்மணிக்குக் கிடைத்த நற்சான்று அது. "மூன்று வருடத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை" என்பதுதான் எனக்கு நம்பிக்கை தராத பதில். அடிபட்டதை மறைக்காதவர் மற்றதையும் மறைக்க மாட்டார் என்பது என் அனுபவம்.

தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். பகலில் எவ்வளவு நேரம் தூங்கியது, அவர் வராத நாட்களிலும் அதே அளவுக்குத் தூங்கியதா? சளி, அரிப்புக்குக் கொடுக்கும் சிரப்புகள் சிலவற்றில் தூக்கம் வரும் என்பது தெரிந்து, பிள்ளையைப் படுக்க வைக்க அதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லாமல் செய்கிற காரியங்களும் உண்டு. ஜாதிக்காயை உரைத்துக் கொடுப்பது, நாக்கில் தேன் தடவுவது, சாப்பிடாத பிள்ளைக்குத் தொக்கம் எடுக்க அழைத்துப் போவது ஆகியவை நம் பாட்டிமார் செய்தவைதான். ஆனால் ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கும். ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் வரும். தொண்டைக்குள் விரல் விட்டும் குழல் வைத்து ஊதியும் எதையோ எடுத்துக் காட்டும் தொக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றை அந்த அம்மாவிடமே, குற்றம் சாட்டும் குரல் இல்லாமல், "பிள்ளை சாப்பிடவில்லை என்றால் நீங்கள் வழக்கமாக என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாலே தெரிந்துவிடும். அவர் ஒளிக்காமல் தொக்கம் என்று சொன்னாலும் அதற்காக நிராகரிக்க வேண்டாம். நம் வீட்டில் வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறாரா என்று பாருங்கள்.

வறண்ட மாவட்டத்தில் வாழ்கிறோம் என்பதால் தண்ணீரால் வரும் ஆபத்தை நாம் குறைத்து எண்ணுகிறோம். உண்மையில் தண்ணீர் தட்டுப்பாடு உள்ள வீட்டில்தான் அண்டாவும் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் எப்போதும் நிரம்பி நிற்கும். பிடித்து நின்று எட்டிப் பார்க்கிற வயதுப் பிள்ளைக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். தலைப்பாரம் அதிகம் என்பதால் குப்புற விழுந்தால் தானாக எழுந்திருக்க முடியாது, சத்தமும் வராது. பழைய வீடுகளில் கிணறு அல்லது தரைத்தொட்டி இருந்ததா, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் அவர் துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது போன்ற வேலைகளையும் பார்த்தாரா என்று விசாரியுங்கள். இதில் தவறு பெரும்பாலும் வேலைக்கு வைத்தவர்கள் பக்கம்தான் இருக்கும். பிள்ளை பார்க்க என்று வைத்துவிட்டு, சமையலையும் துவையலையும் ஒவ்வொன்றாகத் தலையில் ஏற்றிவிடுவோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

அவர் முன்பு தங்கியிருந்து வேலை பார்த்தவர்; உங்கள் வீட்டுக்குப் பாம்பன் பாலத்தைக் கடந்து தினமும் பேருந்தில் வரப்போகிறவர். ஆகவே நேரத்துக்கு வருவாரா என்பதற்குப் பழைய வீட்டுக்காரர்களால் பதில் சொல்ல இயலாது. அவரிடமேதான் கேட்க வேண்டும். வீட்டில் கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் இருந்தால், படகு கரைக்கு வரும் காலையில் மீனைப் பிரித்து விற்க அவர் கையும் தேவைப்படுமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வீட்டில் வருமானம் நின்றுபோகும்போது முன்பணம் கேட்பாரா, வேறு ஊருக்குப் போக நினைப்பாரா? ஐப்பசி, கார்த்திகைப் புயல் எச்சரிக்கை நாட்களில் பேருந்து கிடைக்காவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன? இவற்றை முதலிலேயே பேசிவிட்டால், பின்னாளில் ஒரு காலைப் பொழுதில் பள்ளிக்குக் கிளம்பி நின்றுகொண்டு வாசலைப் பார்க்கும் அவதி குறையும்.

இராமநாதபுரம் உங்களுக்குப் பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு நேரிலேயே போய் வாருங்கள். தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசுகிறவர்கள், தேடி வந்தவரிடம் அரைமணி நேரம் பேசுவார்கள். அவர் வளர்த்த பிள்ளை இப்போது பேசுகிற வயதில் இருந்தால், தாயின் அனுமதியோடு அந்த அம்மாவின் பேரைச் சொல்லிப் பாருங்கள். விசாரணைபோலக் கேள்வி கேட்க வேண்டாம். பேரைக் கேட்டதும் அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று கவனித்தால் போதும். மறந்துபோயிருந்தால் அதற்குப் பொருள் எதுவும் இல்லை, குழந்தைகள் மறக்கும். விடைபெறும்போது கடைசியாக, "இன்னொரு பிள்ளை பிறந்தால் இவரையே அழைப்பீர்களா?" என்று கேளுங்கள். வார்த்தையைவிட, அது எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் கணவர் சொல்லும் ஆதாரும் கேமராவும் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆதார் அட்டை இவர் இன்னார் என்பதற்குச் சான்று. அதற்கு மேல் எதற்கும் சான்று அன்று. தமிழ்நாடு காவல்துறையின் இணையத்தளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கென்று தனிப் பிரிவு உண்டு. கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், அவர்மீது வழக்கு ஏதும் பதிவாகியுள்ளதா என்பது தெரியவரும். அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வழக்கு இல்லை என்ற பதில், பிள்ளையைப் பொறுமையாகப் பார்ப்பார் என்ற உறுதியாகாது. அதனால் இரண்டு வீட்டு விசாரிப்புக்கு அது மாற்றாக முடியாது. கேமரா நடந்து முடிந்ததைக் காட்டும் கருவி. வைப்பதாக இருந்தால், எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட்டு, அவர் உடை மாற்றவோ ஓய்வெடுக்கவோ பயன்படுத்தும் அறையைத் தவிர்த்து வையுங்கள். அவருடைய உடல்நலத்தையும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம். அது பிள்ளைக்காக மட்டுமன்று, அவருக்காகவும்தான்.

விடுப்பு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்பது உங்களுக்கு வாய்த்த நல்ல காலம். இந்த வாரமே சம்பளம் கொடுத்து அவரை வரச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் நீங்கள் வீட்டிலேயே இருந்து, பிறகு ஒரு மணி நேரம், அதன் பிறகு அரைநாள் என்று வெளியே போய் வாருங்கள். மாமியார் வீட்டில் இருப்பது பெரிய பலம். ஆனால் பிள்ளை விஷயத்தில் யார் சொல்வதை வேலைக்கு வருகிறவர் கேட்க வேண்டும் என்பதை மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும் வீட்டில் நல்ல வேலையாளும் நிலைக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருந்து என் மகளைப் பார்த்துக்கொண்ட லாத்தாவை (அக்காவை நாங்கள் இப்படித்தான் அழைப்போம்) பற்றி, அவரை வேலைக்கு வைக்க இருக்கும் ஒருவர் என்னிடம் போனில் கேட்டார். லாத்தா பாசமானவர், என் மகள் அவரை விட்டுப் பிரிய மாட்டாள். ஆனால் கைப்பேசியில் பேச ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. ஒருமுறை அவர் மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது, தரைத்தொட்டி மூடி திறந்திருக்க, என் மகள் அதன் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். இதைச் சொன்னால் அவருக்கு வேலை போய்விடும்; சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.
— வாசகி, கீழக்கரை

பதில்: சொல்லுங்கள். ஆனால் முதலில் லாத்தாவிடம் சொல்லுங்கள்: "உங்களைப் பற்றிக் கேட்டார்கள், பாசமாகப் பார்த்துக்கொண்டதையும் சொல்வேன், அன்றைக்குத் தொட்டிப் பக்கம் நடந்ததையும் சொல்வேன்." அவர் வருத்தப்படலாம். மறைமுகமாகச் சொன்னதாகப் பின்னால் தெரிந்தால் வரக்கூடிய வருத்தத்தைவிட இது குறைவு. பிறகு கேட்டவரிடம், நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் கண்ட அளவில் சொல்லுங்கள். "பொறுப்பில்லாதவர்" என்பது உங்கள் தீர்ப்பு. "பிள்ளை தனியாக இருந்தது, தொட்டி திறந்திருந்தது, அவர் மாடியில் இருந்தார்" என்பது நடந்தது. தீர்ப்பைக் கேட்பவரிடம் விட்டுவிடுங்கள். அந்தத் தொட்டியின் மூடி ஏன் திறந்திருந்தது, அதை மூட வேண்டியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமையாகச் சொன்னதாகும். வேலை நேரத்தில் கைப்பேசியை ஓர் இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று முதல்நாளே பேசிக்கொண்டால் தீரக்கூடிய குறை இது என்று நீங்கள் கருதினால், அதையும் தயங்காமல் சொல்லலாம். உண்மையைச் சொன்ன பிறகும் எத்தனையோ பேர் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக ஒன்று. வேலைக்கு இருந்தவர் பிள்ளையை அடித்தார், சூடு வைத்தார், தகாத முறையில் தொட்டார் என்பது தெரிந்திருந்து, "நமக்கேன் வம்பு" என்று வேலையைவிட்டு மட்டும் அனுப்பிவிடுவது, அவரை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் அனுப்பி வைப்பதாகும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அழைக்கக் கட்டணம் இல்லை.

கேள்வி: நானும் என் கணவரும் விடியற்காலையில் கிளம்பிவிடுவோம், அவர் கடலுக்கு, நான் இறால் கம்பெனிக்கு. மூன்று வயது மகனைப் பார்த்துக்கொள்ள, என் அக்கா வீட்டில் முன்பு இருந்த ஒரு பெண்ணை வைக்கலாம் என்று இருக்கிறோம். பதின்மூன்று வயது, பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். அக்கா அவளைப் பற்றி மிக நன்றாகச் சொல்கிறாள். வேறு யாரிடம் விசாரிக்க வேண்டும்?
— வாசகி, பாம்பன்

பதில்: யாரிடமும் விசாரிக்க வேண்டாம், அந்தப் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதலே தடைசெய்யப்பட்டுள்ளது. 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வைத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தப் பெண் எவ்வளவு நல்லவள் என்பது இங்கே கேள்வியே இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குத் திடீரென்று இழுப்பு வந்தால் என்ன செய்வது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அவளும் ஒரு குழந்தை. உங்கள் அக்காவிடம் சொல்லி, அவளை மீண்டும் பள்ளியில் சேர்க்க அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு அங்கன்வாடியில் சேரும் வயது ஆகிவிட்டது. அங்கே உணவும் உண்டு, ஆடிப்பாடச் சேர்க்கையும் உண்டு. விடியற்காலையிலிருந்து அங்கன்வாடி திறக்கும்வரையிலும், அது மூடிய பின் நீங்கள் வரும்வரையிலும் உள்ள நேரத்துக்குத்தான் ஆள் தேவை. அதற்கு உங்கள் தெருவிலேயே கம்பெனிக்குப் போகும் மற்றப் பெண்களும் சேர்ந்து, வீட்டில் இருக்கும் வயது வந்த ஒருவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து ஏற்பாடு செய்துகொள்ளலாம். 50 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைத்திருக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்பது 2017 முதல் சட்டமாக இருக்கிறது. உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தனியாகக் கேட்காமல் பல பெண்கள் சேர்ந்து கேளுங்கள்.

கேள்வி: நான் பத்து வருடமாகப் பிள்ளை பார்க்கும் வேலை செய்கிறேன். கடைசியாக இருந்த வீட்டில் ஒரு சங்கிலி காணோம் என்று என்னைச் சந்தேகப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து அவர்கள் பீரோவிலேயே கிடைத்தது. அதன் பிறகு நானே நின்றுவிட்டேன். இப்போது யாராவது அந்த வீட்டில் விசாரித்தால், "ஏதோ இருந்தாங்க, போயிட்டாங்க" என்று மழுப்புகிறார்களாம். இதனால் இரண்டு இடம் கைவிட்டுப் போனது. நான் என்ன செய்வது?
— வாசகி, பெரியபட்டினம்

பதில்: அந்த வீட்டை மறைக்காதீர்கள். மறைத்தால் பத்து வருடத்தில் கடைசிப் பகுதி வெற்றிடமாக நிற்கும்; விசாரிப்பவர் அதைத்தான் முதலில் கேட்பார். புது வீட்டில் நீங்களே முந்திக்கொண்டு, சங்கிலி காணாமற்போனதையும் கிடைத்ததையும் நீங்களாக நின்றதையும் உள்ளபடி சொல்லிவிட்டு, அதற்கு முன்பு இருந்த வீடுகளின் எண்களையும் கொடுங்கள். அந்த வீடுகளுக்கு ஒருமுறை போய், "என்னைப் பற்றிக் கேட்டால் பேசுவீர்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. எந்த ஆண்டிலிருந்து எதுவரை இருந்தீர்கள், பிள்ளைக்கு என்ன வயது, எதனால் நின்றீர்கள் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொன்னால், மனம் உள்ளவர்கள் மறுக்க மாட்டார்கள். இனிமேல் எந்த வீட்டிலிருந்து விலகினாலும் கடைசி நாள் சம்பளத்தோடு இதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வீட்டிலும், கோபம் தணிந்திருந்தால், "சங்கிலி கிடைத்துவிட்டது என்பதை மட்டுமாவது கேட்பவர்களிடம் சொல்லுங்கள்" என்று நேரில் கேட்டுப் பாருங்கள். கூசாமல் கேளுங்கள், அது உங்களுக்குச் சேர வேண்டியது.

வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். வாரியம் தரும் அடையாள அட்டை, நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள் என்பதற்கு ஓர் ஆதாரமாக இருக்கும். பிள்ளைகளின் படிப்பு உதவி, ஓய்வூதியம் போன்றவற்றுக்கும் அதன் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். இராமநாதபுரத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

இன்னொன்று. உங்களைப் பற்றி அவர்கள் விசாரிப்பதுபோல், அந்த வீட்டைப் பற்றி நீங்களும் விசாரியுங்கள். முன்பு அங்கே வேலை பார்த்தவர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் கையில் வந்தது, வாரத்தில் ஒரு நாள் விடுப்புக் கிடைத்ததா, பிள்ளை பார்ப்பதோடு வேறு என்னென்ன வேலை சேர்ந்தது, வீட்டு ஆண்கள் எப்படி நடந்துகொண்டார்கள், நகையும் பணமும் பூட்டி வைக்கிற பழக்கம் உள்ள வீடா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதம் சொல்லுங்கள். சேரும் நாளன்று, பூட்டாத பீரோ இருக்கும் அறையைக் கூட்டிப் பெருக்கும் வேலை தனக்கு வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.